வார்னிஷ் அடித்தவர் பெயர்

சிப்பி தோண்டி வரும்படி ஹெஸ்டர் மூன்றாவது முறையாகச் சொன்னாள். அவள் கணவர் ஆர்லிந்தோ கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, காபி கலந்த பாலை நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“கடல் இன்னும் வத்தலை. என்னை வீட்டை விட்டுத் துரத்தணும்னா வேற நல்ல சாக்கா பாரு.”

துரத்தத்தான் நினைத்தாள். பத்து மணிக்கு ஊர் வரலாற்றுச் சங்கத்திலிருந்து நோரீன் வருகிறாள், அங்கே இருக்கும் மஹோகனி மரத் தேநீர் மேசையைப் பார்க்க. அடுத்த மாதம் மகள் லிடியாவின் வீட்டுப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோகிறார்கள். அங்கே மேசைக்கு இடமில்லை. சங்கத்துக்கே கொடுத்துவிடலாமென்று யோசனை. ஹெஸ்டரின் தாய்வழியில் தலைமுறை தலைமுறையாக வந்த மேசை அது. 1764-இல் நியூபோர்ட் நகரத் தச்சர் எழுதிக்கொடுத்த ரசீது, இரண்டு உயில்கள், மேசையைப் பற்றி யாரோ ஒரு பெரியம்மா எழுதிய கடிதம் என்று காகிதமெல்லாம் பிசகில்லாமல் இருந்தது. சங்கத்தார் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். மேல்பலகையில் கையை வைக்கும் வரைக்கும்.

லிடியாவைப் பெற்று ஹெஸ்டர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் நடந்தது அது, 1974-இல். ஆர்லிந்தோ படகுப் பட்டறையில் வார்னிஷ் அடிப்பவர். போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவிலிருந்து பிழைக்க வந்தவரின் மகன். ஹெஸ்டரின் வீட்டார் அவரை மருமகன் என்று வாய் நிறையச் சொன்னதே கிடையாது. மனைவி பிள்ளையோடு வீடு திரும்பும்போது அவள் குடும்பத்துச் சொத்து ஜொலிக்க வேண்டுமென்று, மேசையைப் பட்டறைக்குத் தூக்கிப்போனார். கறுத்துக் கிடந்த பழைய மெருகையெல்லாம் சுரண்டித் தள்ளிவிட்டு, படகுக்கு அடிக்கிற வார்னிஷை அடித்துக் கொண்டுவந்தார். முகம் பார்த்துத் தலை சீவலாம். ஹெஸ்டரின் அம்மா வந்து பார்த்தாள், தேநீரைத் தொடாமலே கிளம்பிப் போனாள்.

ஏனென்று ஹெஸ்டருக்கு விளங்க இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. பழம்பொருளுக்கு மதிப்புச் சொல்லும் டிவி நிகழ்ச்சியில், இப்படிச் சுரண்டப்பட்ட மேசை ஒன்றைப் பார்த்து ஒருவர் துக்கம் விசாரிப்பவர்போலப் பேசினார். அந்தப் பழைய கறுப்பில்தான் மேசையின் மதிப்பெல்லாம் இருந்ததாம். அன்றிலிருந்து அந்த நிகழ்ச்சி வந்தால் டிவியை அணைத்துவிடுவாள். ஆசை ஆசையாகச் செய்த மனுஷன், அவர் காதில் அது விழக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும்.

நோரீன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். காகிதங்களைப் பார்த்து முகம் மலர்ந்தாள். தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து அடிப்பலகையைப் பார்த்து இன்னும் மலர்ந்தாள். எழுந்து மேல்பலகையில் உள்ளங்கையை வைத்தாள். கை அப்படியே நின்றது.

“இது யாரு பண்ணினது?”

“யாரோ எங்க மாமா காலத்துல,” என்றாள் ஹெஸ்டர் அவசரமாக. “யாருன்னு தெரியாது.”

நோரீன் ஒரு படிவத்தை நீட்டினாள். “எங்களுக்குக் காகிதம்தான் சாட்சி. மேசைக்கு நடந்தது நல்லதோ கெட்டதோ, எல்லாம் அதுல இருக்கணும். உங்க கையாலயே எழுதிடுங்க.”

‘தெரியவில்லை’ என்று எழுதினாள் ஹெஸ்டர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத கை, கோணல்மாணலாக எழுதியது.

“என்ன எழுதின?” என்று ஆர்லிந்தோ ஜன்னலோரத்திலிருந்து கேட்டார்.

“தெரியலைன்னு.”

“அம்பது வருஷமா பக்கத்துல படுத்திருக்கேன். இன்னுமா என்னைத் தெரியலை?”

நோரீன் குனிந்து டார்ச்சைப் பைக்குள் வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

“நீ இங்க டிவியை அணைப்ப. நாங்க பட்டறையில அதே நிகழ்ச்சியைப் பார்த்துக்கிட்டேதான் மத்தியானம் சாப்பிடுவோம்.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“லிடியா கல்யாணத்துக்கு முன்னாடியே.”

“ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?”

“நீ அவ்வளவு பாடுபட்டு மறைச்சுக்கிட்டிருந்த. அதை வேற கெடுக்கணுமா? ஏற்கெனவே ஒண்ணைக் கெடுத்தாச்சு.”

ஹெஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்திருந்தாளே, இத்தனை வருஷமும் காப்பாற்றப்பட்டது யாரோ. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோரீனிடம் கேட்டாள்: “இப்ப இதை எடுத்துப்பீங்களா, மாட்டீங்களா?”

“கமிட்டிதான் முடிவு பண்ணணும். என்னால சொல்ல முடியாது.”

ஹெஸ்டர் ‘தெரியவில்லை’யைக் கோடு போட்டு அடித்தாள். கீழே, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். “ஆர்லிந்தோ மெடீரோஸ். 1974. படகு வார்னிஷ். ஏழு பூச்சு.”

ஆர்லிந்தோ மெல்ல எழுந்து வந்து, அவள் தோளில் கையூன்றிப் படிவத்தைப் பார்த்தார்.

“எட்டு,” என்றார்.