சவுரிமுத்துவின் பல் செட்

“பல்லு சார், பல்லு! பல் செட்டு!” என்று மெட்டில்டா மறுபடியும் கத்தினாள்.

எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. வெளியே காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தே விட்டான். அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. மாமனாரை ஐஸ் கட்டி மேல் கிடத்திவிட்டு, மருமகள்காரி தெருமுனைக்கு ஓடி வந்து, வேளாங்கண்ணி லாட்ஜுக்குப் போன் போட்டுப் பல்லைக் கேட்டால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

“எந்த ரூமும்மா?” என்றது மறுமுனை.

“பதினொண்ணு. செவ்வாக்கெழம காலைல காலி பண்ணோம். தாம்பரம் சவுரிமுத்துன்னு பேரு இருக்கும். பாத்ரூம் ஜன்னல் மேல கண்ணாடி டம்ளர்ல போட்டு வெச்சிருந்தாரு.”

“இருங்க, பாக்குறேன்.”

ஒரு இரும்புப் பெட்டியைத் தரையில் இழுக்கும் சத்தமும், பிறகு சாமான்களைக் கிளறும் சத்தமும் கேட்டன. மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“அம்மா, மூணு செட்டு இருக்கு. உங்களுது எது?”

“மூணா?”

“ஜனங்க விட்டுட்டுப் போறத எல்லாம் ஒரே பொட்டியிலதாம்மா போட்டு வெக்கிறோம். பல்லு மூணு செட்டு. மூக்குக் கண்ணாடி நெறைய கெடக்கு. ஜெபமால சொல்லவே வேணாம். கொழந்த கொலுசு ஒண்ணு. ஒத்தச் செருப்பு ஒண்ணு. ஒத்தச் செருப்ப விட்டுட்டு எப்படித்தான் ஊரு போய்ச் சேர்றாங்களோ! நீங்க அடையாளம் சொல்லுங்க.”

மெட்டில்டா யோசித்தாள். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து தினமும் பார்த்த பல். காபி நன்றாக இருந்தால் தெரியும். பேரன் மார்க் வாங்கினால் தெரியும். ஆனால் அது நீளமா, குட்டையா, முன்னால் சந்து இருந்ததா என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை.

“வெள்ளையா இருக்கும்,” என்றாள்.

“மூணும் வெள்ளதாம்மா.”

“இப்ப பஸ்ல குடுத்து விட்டா எப்ப வரும்?”

“ராத்திரி ஆயிடும். ஒண்ணு பண்ணவா? மூணையும் அனுப்பி வெக்கிறேன். அவர போட்டுப் பாக்கச் சொல்லுங்க. சேராதத திருப்பி அனுப்பிடுங்க.”

“போட்டுப் பாக்குறதுக்கு அவரு இல்லீங்க,” என்று சொல்லிவிட்டு அவள் ரிசீவரை வைத்தாள். நான்கு மணிக்கு எடுக்கப் போகிறார்கள்.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை விடியலில் பஸ் பிடிக்கிற அவசரம். புருஷன் துரை வாசலில் நின்று “எல்லாம் எடுத்தாச்சா?” என்று கேட்டான். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், தலையணைக்குக் கீழே என்று குனிந்து நிமிர்ந்து பார்த்தவள் “எடுத்தாச்சு, எடுத்தாச்சு” என்றாள். பாத்ரூமில் விளக்கை மட்டும் அணைத்தாள். சிதம்பரத்தில் பஸ் நின்று, வடை வாங்கி நீட்டியபோதுதான் சவுரிமுத்து துண்டால் வாயை மூடிக்கொண்டு அவள் காதோரம் சொன்னார். “பல்ல விட்டுட்டேம்மா. ஒங்கத்தைக்குத் தெரிய வேணாம். போன் பண்ணி வரவெச்சுக்கலாம்.”

விட்டுவிட்டாய் என்று சொல்லவில்லை. விட்டுவிட்டேன் என்றார்.

மனிதர் அந்த விஷயத்தில் மகா கூச்சக்காரர். ரயில்வேயில் ரிட்டயரான கையோடு பல் செட் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து விளக்கை அணைத்த பிறகுதான் கழற்றுவார். விடிவதற்குள் மாட்டிக்கொள்வார். கட்டின பெண்டாட்டிகூடப் பொக்கை வாயைப் பார்த்ததில்லை. வேளாங்கண்ணியிலிருந்து வந்த பிறகும் சளி என்று சொல்லித் துண்டை வாயை விட்டு எடுக்கவில்லை. மறுநாள் மதியம் கஞ்சி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மெட்டில்டா வீட்டுக்குள் நுழைந்தபோது வீடே பல்லைத் தேடிக்கொண்டிருந்தது.

காலையில் குளிப்பாட்டிக் கோட்டு மாட்டும்போதுதான் மாமியார் ஞானம்மாள் முகத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறாள். கன்னம் இரண்டும் உள்ளே போய், உதடு மடிந்து, மூக்கு மட்டும் துருத்திக்கொண்டு வேறு யாரோ படுத்திருந்தார். “இன்னாடா இது? மூஞ்சி ஏன் இப்டி கீது? பல்லு எங்கடா?” என்று கேட்டவள், அதற்குப் பிறகு வேறு பேச்சே பேசவில்லை, அழவும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு வெள்ளைத் துண்டால் அவர் வாயையும் கன்னத்தையும் மூடிவிட்டாள்.

“பல்லு கெடைக்கிற வரைக்கும் ஒருத்தரும் பாக்கக் கூடாது. அவுருக்குப் புடிக்காது.”

“அம்மா, சாமியார் வந்துடுவாரும்மா,” என்றான் துரை.

“வரட்டும். பல்லு கெடைக்காம பெட்டிய மூட வுட மாட்டேன்.”

பக்கத்து வீட்டுச் சரசு அரிசி டப்பாவில் கைவிட்டுத் துழாவினாள். துரை பீரோவை நகர்த்தினான். யாரோ சாமி படத்துக்குப் பின்னால்கூடப் பார்த்தார்கள். மெட்டில்டாவும் சேர்ந்து தேடினாள். கிடைக்காது என்று தெரிந்தே தேடுவது போல் களைப்பான வேலை வேறு இல்லை. இப்போது சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு அலமாரியைத் திறக்கும்போதும் நினைத்தாள். சொல்ல வேண்டாம் என்று மாமா கேட்டுக்கொண்டார். சொன்னால், ‘எடுத்தாச்சு, எடுத்தாச்சுன்னு நீதான சொன்ன?’ என்று துரை கேட்பான். இதில் எதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மாலையோடு வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முகத்தில் துண்டைப் பார்த்ததும் பந்தலில் பேச்சு கிளம்பிவிட்டது. வேளாங்கண்ணியில் படியில் விழுந்துவிட்டாராம். இல்லை, பஸ்ஸில் கம்பி இடித்துவிட்டதாம். அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஏதோ தகராறாம். கடைசியாக வந்தவர் துரையின் கையைப் பிடித்து, “போலீஸ் கேஸ் ஒண்ணும் ஆகலியே?” என்று கேட்டார். துரைக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

இரண்டு மணி வாக்கில் ஏகநாதன் வந்தார். சவுரிமுத்துவோடு ஒரே மின்சார ரயிலில் ஒரே பெட்டியில் வேலைக்குப் போய் வந்தவர். கிழக்குத் தாம்பரத்துப் பல் டாக்டரிடம் இருவரும் ஜோடியாகப் போய்த்தான் அளவு கொடுத்தார்கள். செட்டை மாட்டிக்கொண்டு திரும்பி வந்த அன்றைக்கு கல்யாண மாப்பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள் என்று சரசு இன்றும் கேலி செய்வாள்.

“பாருங்கண்ணா, பல்ல காணோம்,” என்றாள் ஞானம்மாள், ஏதோ பால்காரன் வரவில்லை என்று சொல்வது போல.

ஏகநாதன் நண்பரின் காலடியில் மாலையை வைத்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார். குழாயடியில் மெட்டில்டா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா ஆச்சு?” என்று அவர் கேட்டதுதான் தாமதம், அவள் உடைந்துவிட்டாள்.

“லாட்ஜுலயே விட்டுட்டு வந்துட்டோம் மாமா. நாந்தான் எல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னேன். அவர் யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. போன் பண்ணா மூணு செட்டு இருக்குங்கறாங்க. எதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. எதுவா இருந்தாலும் ராத்திரிதான் வரும்.”

ஏகநாதன் வானத்தைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார்.

“மேல் செட்டு போதும். ஒதடு தூக்கி நிக்கும். அவன் தாட கொஞ்சம் சின்னது. பரவால்ல, ஒப்பேத்திடலாம். போட்டோ எடுத்து, தங்கச்சி ஒரு வாட்டி பாத்துட்டா கழட்டிக் குடுத்துடு. சரியா?”

“மாமா, வேணாம்… நீங்க எப்படி…”

“எனக்கு இன்னா, ஒரு மணி நேரம் வாய மூடிக்கினு இருக்கப் போறேன். எம் பொண்டாட்டி கேட்டா சந்தோசப்படுவா.”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பியபோது அவர் முகம் பாதியாகிவிட்டிருந்தது. கைக்குட்டையால் வாயை மூடியபடி டம்ளரை நீட்டினார். மெட்டில்டா அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

“கெடச்சுடுச்சு அத்தை,” என்று கூடத்துக்குள் வந்து சொன்னாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

“எங்க இருந்துச்சு?”

“டம்ளர்ல.”

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவருகே மெட்டில்டா ஒரு புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். ஏகநாதன் வெந்நீரில் நனைத்த துணியை நண்பரின் தாடையில் ஒற்றி ஒற்றி எடுத்தார். கட்டைவிரலால் கன்னத்தை நீவினார். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பொறுமை அது. வெகுநேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க அவர் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். மேல் பல் இல்லாத வாயிலிருந்து எல்லாம் காற்றாகத்தான் வந்தது. ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியவில்லை. சவுரிமுத்துவுக்குப் புரிந்திருக்கலாம்.

புடவையை விலக்கியதும் ஞானம்மாள் எட்டிப் பார்த்தாள். கன்னம் நிரம்பியிருந்தது. உதடு எழும்பியிருந்தது. செட் கொஞ்சம் பெரிதென்பதால் மேலுதடு ஒட்டாமல், ஏதோ சொல்ல வாயெடுத்தவர் போல இருந்தார்.

“இவுருதான்,” என்றாள் ஞானம்மாள். “சிரிக்கிறாரு பாருடி.” அடுத்த நொடி, நேற்று மதியத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்துக்கொண்டு வந்தது. “என்னை வுட்டுட்டுப் போயிட்டியே! மாதா கோயிலுக்குக் கூட்டிக்கினு போனியே, சொல்லாம கொள்ளாம வுட்டுட்டுப் போயிட்டியே!” என்று அவர் நெஞ்சில் விழுந்தாள். துரை அழுதான். சரசு அழுதாள். பந்தலில் வதந்தி பேசியவர்கள் எல்லோரும் உள்ளே வந்து முகத்தைப் பார்த்து, காயம் ஒன்றும் இல்லை என்று தெரிந்து, கூச்சத்தோடு அழுதார்கள்.

போட்டோக்காரன் பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்திப் பளிச்சென்று எடுத்தான். அதோடு கழற்றிவிடலாம் என்று மெட்டில்டா முன்னால் போனாள். ஞானம்மாள் இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் உதட்டின் மேல் இருந்தன. அந்த விரல்களைப் பிரித்து, என்ன சொல்லி அந்த வாயைத் திறப்பது? அதற்குள் சாமியார் வந்துவிட்டார். ஜெபம் தொடங்கியது. தீர்த்தம் தெளித்தார்கள். கூட்டம் நெருக்கியது. யாரோ அவளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

“இருங்க,” என்றாள் மெட்டில்டா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் ஏகநாதன் கைக்குட்டைக்கு மேலே கண்ணை மட்டும் காட்டி நின்றார். வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தார்.

“இன்னா மெட்டில்டா?” என்றான் துரை.

“ஒண்ணும் இல்ல,” என்றாள். ஆணி இறங்கும் சத்தம் ஒவ்வொன்றும் அவள் பல்லில் கேட்டது.

கல்லறைத் தோட்டத்தில், சிநேகிதர் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று சாமியார் ஏகநாதனைக் கூப்பிட்டார். அவர் கையை ஆட்டி மறுத்துவிட்டார். துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அவரும் மற்றவர்களோடு ஒரு பிடி மண் போட்டார். தன் பல்லின் மேல் தானே மண் போட்ட மனிதர் தாம்பரத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும் என்று மெட்டில்டாவுக்குத் தோன்றியது. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் சரசு வீட்டிலிருந்து சோறும் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்தன. ஏகநாதன் வாசலோடு கும்பிட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

“அண்ணா, பட்டினியா போவாதீங்க. ஒக்காருங்க,” என்றாள் ஞானம்மாள். அழுது அழுது குரல் கம்மிவிட்டிருந்தது. மறுத்துப் பேச அவரால் முடியாது. உட்கார்ந்தார்.

மெட்டில்டா யாரையும் கேட்கவில்லை. ஒரு தட்டில் சோற்றைப் போட்டாள். வறுவலை வைக்கவில்லை. ரசத்தை ஊற்றிக் கையாலேயே பிசைந்தாள். பருக்கை தெரியாமல் கூழாகும் வரை பிசைந்தாள். அவர் முன்னால் வைத்தாள். கூடத்தில் ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏகநாதன் தட்டைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். கைக்குட்டை வாயிலேயே இருந்தது.

ஞானம்மாள் அந்தத் தட்டைப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். மெட்டில்டா தலையைக் குனிந்துகொண்டாள். இப்போது கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருந்தாள்.

ஞானம்மாள் கேட்கவில்லை.

“துரை, எல்லாரையும் கூட்டிக்கினு பந்தலுக்குப் போ. அங்க ஒக்காந்து சாப்புடுங்க.”

“ஏம்மா? பாதி சாப்பாட்டுல…”

“போன்னா போடா.”

முணுமுணுத்துக்கொண்டே இலைகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எழுந்து போனார்கள். கூடம் காலியானது. ஞானம்மாள் சுவரைப் பிடித்து மெதுவாக நகர்ந்து, ஏகநாதனுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“நீயும் திரும்பிக்கோடி,” என்றாள்.

மெட்டில்டா மாமியாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பின்னால் தட்டு மெல்ல நகர்ந்தது. ஏகநாதன் ரசம் சோற்றை உறிஞ்சிச் சாப்பிடும் சத்தம் கேட்டது.