தோள் கொடுக்க வந்தவன்

கணவரின் சட்டைப் பொத்தான்களை அவளே போட்டுவிட்டாள். கழுத்துப் பொத்தான் மட்டும் விரலுக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டே இருந்தது. உயிரோடு இருந்தவரை அதை அவர் போட்டதே இல்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

"அண்ணி, டீம்ல இருந்து வந்திருக்காங்க," என்றான் கொழுந்தன்.

அவள் கணவர் ஒரு கால்பந்து அணியின் ட்ரெய்னர்; அடிபட்ட ஆட்டக்காரர்களைத் தேற்றி மறுபடி ஆடவைப்பது அவர் வேலை. நேற்றுக் காலை மைதானத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆட்டக்காரர்கள் சவப்பெட்டியைச் சுற்றி நின்றார்கள். உயரமான கோல்கீப்பரை அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. கொக்கு என்று அவர் செல்லமாகத் திட்டும் ஆள். போன ஆட்டத்தில் கோல் கம்பத்தில் மண்டை மோதி விழுந்தவன். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் கணவருக்கு அவனைப் பற்றிய பேச்சுதான். "முதல்ல நடை, அப்புறம் லேசா ஓட்டம், அப்புறம்தான் பந்து. எந்தப் படியில தலை வலிச்சாலும் ஒரு படி கீழ இறங்கணும். இது கோச் காதுல ஏறுனாத்தானே!"

பெட்டியைத் தூக்க நால்வர் முன்வந்தார்கள். கொக்கும் குனிந்தான். குனிந்தவன் கண்களை இறுக மூடிக்கொண்டதை அவள் பார்த்தாள்.

"நீ வேண்டாம்ப்பா."

"நான் தூக்காம வேற யாரு தூக்குவாங்கக்கா?"

"அவன் நல்லாத்தான் இருக்கான்மா. சனிக்கிழமை ஆடப்போறான்," என்றார் கோச்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. "தலை வலிக்குதான்னு இன்னிக்கு யாராவது உன்னைக் கேட்டாங்களா?"

"தினமும் சார்தான் கேப்பாரு..."

"நான் கேக்கறேன். சொல்லு."

கோச் தொண்டையைச் செருமினார். கொக்கு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குனிஞ்சா சுத்துதுக்கா. வெயில்ல கண்ணு கூசுது."

வெளியே வண்டியின் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. கோச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பெட்டியருகே கொக்கு நின்ற மூலைக்கு வந்தார்.

"தள்ளுடா," என்றார். பிறகு அவளிடம், மெதுவாக, "சனிக்கிழமை வேற ஆளை நிறுத்திக்கறேம்மா."

பெட்டி வாசலைத் தாண்டியது. வெயில் சுள்ளென்று அடித்தது. பின்னால் வந்த கொக்கு கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். அவள் வாசலில் மாட்டியிருந்த குடையை எடுத்து விரித்து அவன் பக்கம் நீட்டினாள். அவன் அதற்குள் குனியப் போனான்.

"குனியாதே. நிமிர்ந்தே நட."

வண்டிவரை அவள் கையை முழுக்க உயர்த்திப் பிடித்தபடியே நடந்தாள்.