கூட்டாளியின் பங்கு

மெழுகுக் கட்டியிலிருந்து சதைத்துண்டு கழன்று கத்தியின் மேல் விழுந்தது. ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த பல் ஒரு நாள் சோற்றோடு வந்துவிடுமே, அந்த மாதிரி. அவள் சீவும் எந்திரத்தின் சக்கரத்தை நிறுத்தினாள். துண்டை இடுக்கியால் எடுத்து விரல் நுனியில் வைத்து அழுத்திப் பார்த்தாள். கொழகொழவென்று இருந்தது. நன்றாக மெழுகு ஏறிய சதை சோப்புக்கட்டி மாதிரி இருக்க வேண்டும். இது பாலில் ஊறிய ரொட்டி. அந்த வாரம் கைக்கு வந்த கட்டிகளில் பாதி இதே லட்சணம்தான்.

அறுவை அறையில் வெட்டி எடுக்கும் சதையெல்லாம் இந்த அறைக்குத்தான் வரும். சதையிலிருக்கும் தண்ணீரை ஆல்கஹால் விரட்டும். ஆல்கஹாலை சைலீன் என்ற நெடியடிக்கும் திரவம் விரட்டும். சைலீனை உருகிய மெழுகு விரட்டும். ஒருவன் காலி செய்த வீட்டில் அடுத்தவன் குடியேறுகிற கதை. மெழுகு மூலை முடுக்கெல்லாம் குடியேறினால்தான் சதையைக் காற்றில் பறக்கிற அளவுக்கு மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றி, சாயம் போட்டு டாக்டரின் மேசைக்கு அனுப்ப முடியும். இந்தக் குடிமாற்றத்தை எல்லாம் ஓர் எந்திரமே பார்த்துக்கொள்ளும். அதன் பாட்டில்களைக் காலாகாலத்தில் மாற்றுவது மட்டும்தான் மனிதர் வேலை.

டாக்டரம்மா ஒரு ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"இது என்னம்மா, ஸ்லைடா சல்லடையா? நடுவுல ஒண்ணையுமே காணோம். நான் எதைப் பாத்து ரிப்போர்ட் எழுதறது, ஓட்டையப் பாத்தா?"

"இன்னிக்குக் கண்டுபிடிச்சிடறேன் மேடம்."

"கண்டுபிடிங்க. மறுபடியும் போய் அந்தப் பொண்ணுகிட்ட சதை எடுக்க ஊசி குத்தணும்னு கேக்க என்னால முடியாது."

ரத்தப் பிரிவிலிருந்து தற்காலிகமாக அனுப்பப்பட்டிருந்தவர் மூலையில் உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா போனதும் வாயைத் திறந்தார். "தங்கச்சி, எங்க பக்கம் இந்த வம்பே இல்ல. ரத்தம் வரும், பாப்போம், கொட்டிருவோம். நீங்கதான் சதைய ஊற வச்சு, வேக வச்சு, மெழுகு ஊத்தி… கல்யாணச் சமையல்கூட இவ்வளவு நேரம் ஆகாது. மெழுகு மட்டமான சரக்கா இருக்கும், பாரு."

"மெழுகு பழைய கம்பெனிதான் அண்ணே."

"அப்ப கத்தி."

கத்தி இல்லை. மாற்றிப் பார்த்துவிட்டாள். கடைத்தெருக்காரன் மகளுக்குச் சரக்கில் குறை கண்டுபிடிப்பதைச் சொல்லித்தர வேண்டாம். அப்பா தன் துணிக்கடையில் புடவையை விரித்து, இழுத்து, வெளிச்சத்தில் காட்டி, கடைசியில் முகர்ந்தும் பார்ப்பார். அவளும் அப்படித்தான் போனாள். துண்டுகள் தடியாக நறுக்கப்பட்டனவா? இல்லை. மெழுகின் சூடு? சரி. ஆல்கஹாலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று மயில்துத்தத்தை வறுத்து வெளுக்க வைத்த பொடியை அதில் போட்டாள். தண்ணீர் இருந்தால் நீலமாக வேண்டும். பொடி வெள்ளையாகவே அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஆல்கஹால் சுத்தம். சுத்தமாகத்தான் இருக்கும், அவள் கையால் மாற்றியதாயிற்றே.

கடைசியாகக் கட்டியை மூக்கருகே கொண்டுபோனாள். லேசாக சைலீன் வாடை வந்தது. வீட்டைக் காலி செய்யாமல் யாரோ உள்ளேயே இருக்கிறார்கள்.

எந்திரத்தின் கீழ் அலமாரியைத் திறக்கக் குனிந்தபோதுதான், அந்தக் கதவை அவள் திறந்து எவ்வளவு காலமாயிற்று என்று உறைத்தது. கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய சைலீன், பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெய் நிறத்தில் இருந்தது. கொஞ்சம் எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். பாலாகக் கலங்கியது. உள்ளே பாதி ஆல்கஹால்தான் போலிருக்கிறது.

"அண்ணே, இத நீங்க மாத்தலையா?"

"நானா? நீதானே எல்லாம் முடிச்சிட்டுப் பொத்தான அமுக்கறே. ஆச்சுன்னு நீ சொன்னா மெஷினே நம்புது, நான் நம்ப மாட்டேனா?"

உண்மைதான். எந்திரம் 'மாற்றியாயிற்றா?' என்று கேட்கும். 'ஆயிற்று' என்ற பொத்தானை அமுக்குவது என்றைக்கும் அவள் வேலை. மேல் தட்டு ஆல்கஹாலை மாற்றுவதும் அவள் வேலை. கீழ் அலமாரி, போன மாற்றல்வரை இங்கே அவளோடு வேலை பார்த்த கூட்டாளியின் பங்கு. அப்படி யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. இந்த அறையில் இருவரும் சேர்ந்த புதிதில் ஒரு நாள் சைலீன் நெடியில் அவளுக்குத் தலை சுற்றியது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அடுத்த முறை பாட்டில் மாற்றும் நாளில் அவள் வந்தபோது ஜன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன, கீழ் வேலை முடிந்திருந்தது. அவர் ஒன்றுமே நடக்காதவர்போல டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. வருஷக்கணக்காக அப்படியே ஓடியது. இப்போது அவர் போன பிறகும் அவள் கை தன் பங்கை ஒழுங்காகச் செய்து, பொத்தானை அமுக்கி, நிம்மதியாகக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறது.

அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு மகள் இருக்கும் ஊருக்குப் போனார். மனைவி இறந்தபின் மகள் ஒருத்திதான் அவருக்கு. கடைக்காரர் மகள் என்பதால் அவளை அவர் 'முதலாளியம்மா' என்றுதான் கூப்பிடுவார். கடைசி நாளில், கை கழுவும் தொட்டியருகே நின்று, குழாயைத் திறந்துவிட்டபடி கேட்டார். "முதலாளியம்மா, அங்கயும் ஆள் தேவைப்படுதாம். நீங்களும் மாத்தல் கேக்கலாம். ஆஸ்பத்திரிக்காக இல்ல. எனக்காகக் கேக்கறேன்."

அவள் சொன்ன பதில், "யோசிச்சு சொல்றேன்."

அந்த வார்த்தையைக் கேட்டே வளர்ந்தவள் அவள். யோசித்துச் சொல்கிறேன் என்று புடவையை மடித்து வைத்துவிட்டுப் படியிறங்கிய ஒரு வாடிக்கையாளரும் திரும்பி வந்ததில்லை. அப்பா அவளுக்கு வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் பேரம் பேசியே திருப்பி அனுப்பினார்; பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்தார். இப்போது அண்ணன் வீட்டு மாடியறை. அண்ணி நல்லவள்தான், சாப்பாட்டு மேசையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு, அது விருந்தாளி நாற்காலி. நாற்பதைத் தாண்டியவளை எடுத்த எடுப்பில் ஒருவர் 'எனக்காக' என்று கேட்டால், மூச்சு விடுவதற்கே நேரம் வேண்டாமா? ஆனால் குழாயை மூடியபோது அவர் முகத்தைப் பார்த்தாள். வாடிக்கையாளர் திரும்பி வர மாட்டார் என்று தெரிந்துகொண்ட கடைக்காரர் முகம்.

அதன்பின் அவர் போன் செய்யவில்லை. அவளும்தான். முதலில் வாயைத் திறப்பவர் நஷ்டப்படுவார் என்று அப்பா பழக்கியிருந்தார். என்ன லாபம் கிடைத்ததென்று யாருக்குத் தெரியும். எலும்புத் துண்டு சொதப்பினால் கேட்கலாம், சாயம் மங்கினால் கேட்கலாம் என்று தினம் ஒரு சாக்குக்காகக் காத்திருந்தாள். பாழாய்ப்போன வேலை அத்தனை ஒழுங்காக நடந்தது. இப்போது சாக்கு கிடைத்த அன்றைக்கே விடையும் கிடைத்துவிட்டது.

டாக்டரம்மாவிடம் நேரே போய், "தப்பு என்னோடது மேடம், சைலீன் மாத்தவே இல்ல" என்றாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "அந்தத் துண்டு பிழைக்குமா?"

"வந்த வழியே திருப்பி அழைச்சிட்டுப் போயி, மறுபடி கொண்டு வரலாம்."

முகமூடி கட்டி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கீழ் அலமாரி பாட்டில்களை அவளே மாற்றினாள். தலை வலித்தது. அழுகையும் வந்தது, சைலீன் கண்ணில் பட்டுவிட்டது என்று ரத்தப் பிரிவுக்காரரிடம் சொன்னாள். "அதுக்குத்தான் ரத்தம் பெட்டர்னு சொல்றேன்" என்றார் அவர், ஆனாலும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு வந்து கேனைத் தாங்கிப் பிடித்தார். கட்டிகளை உருக்கி, துண்டுகளைப் பின்னோக்கி நடத்தி, பழையபடி முன்னோக்கி நடத்தி, புது மெழுகில் வார்க்க மறுநாளாகிவிட்டது.

அந்தப் பெண்ணின் துண்டைத்தான் முதலில் மாட்டினாள். சக்கரம் சுற்றச் சுற்ற மெழுகு நாடா அறுபடாமல் இறங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது. இனி போன் செய்யக் காரணமே இல்லை. ரத்தப் பிரிவுக்காரர் டீக்குப் போயிருந்தார். அவள் இன்னொரு கட்டியை மாட்டினாள், போனை எடுத்தாள், ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள்.

"சொல்லுங்க முதலாளியம்மா." இரண்டாவது மணிக்கே எடுத்துவிட்டார்.

"ஒரு பிரச்சினை. பிளாக்கெல்லாம் கொழகொழன்னு வருது."

"அடடா. ஆல்கஹால் பாத்தீங்களா?"

"பாத்தேன். சுத்தம்."

"மெழுகு?"

"அதுவும் சரிதான்." கை சும்மா இருக்க முடியாமல் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்ப வெட்டறது எந்த பிளாக்கு?"

"ஏன்?"

"பட்டுத்துணி கிழிக்கற மாதிரி சத்தம் வருதே. கொழகொழத்தது இவ்வளவு அழகாவா பேசும்?"

கை நின்றது. மாட்டிக்கொண்டாள். அதுவரை வெட்டிய நாடாவைத் தூரிகையால் எடுத்து, பக்கத்திலிருந்த வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டாள், முகத்தை எங்கேயாவது வைத்துக்கொள்ள வேண்டுமே.

"கீழ் அலமாரி. நீங்க போனதிலேர்ந்து மாத்தவே இல்ல," என்றாள். "மேல் தட்ட மாத்திட்டு ஆச்சுன்னு அமுக்கியிருக்கேன். நீங்க போனது எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியல."

எங்கோ ஒரு தள்ளுவண்டி உருண்டு போவது போனில் கேட்டது.

"அன்னிக்கு யோசிச்சு சொல்றேன்னேன்ல."

"ஆமா."

"யோசிச்சிட்டேன்."

"இருங்க," என்றார் அவர். "போன வெக்காதீங்க. இங்க ஆள் இருக்காங்க. கதவச் சாத்திட்டு வரேன்."

நாற்காலி நகரும் சத்தம், பிறகு காலடிகள். அவள் தொட்டியின் மேல் குனிந்து நின்றாள். வெதுவெதுப்புப் பட்டு நாடாவின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தன. இந்நேரம் கண்ணாடி ஸ்லைடைக் கீழே கொடுத்து நாடாவை ஏந்தியிருக்க வேண்டும். விட்டால் அகன்று பிரிந்துவிடும். ஸ்லைடைக் கையில் பிடித்தபடி, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, தண்ணீரின் விளிம்புவரை விரிந்துபோகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.