ஃபிரிட்ஜ்தான் காரணம்

மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கியும் கூடத்து விளக்கு அடங்கவில்லை. அணைந்தது, மினுக்கியது, பிறகு தானாகவே பளிச்சென்று எரிந்தது. வீட்டின் இளைய மகன் அண்ணாந்து பார்த்துப் பல்லைக் கடித்தான்.

சுவிட்சுகளையெல்லாம் போன மாதம் மாற்றியவன் அவன்தான். படுத்த படுக்கையான அப்பாவுக்குக் குரலும் எழும்பாமல் போனதும், கட்டிலோரம் ஒரு பொத்தானை வைத்துக் கொடுத்தான். அமுக்கினால் கூடத்து விளக்கு மூன்று முறை மினுக்கும். புது ஒயர் இழுக்கவில்லை, சுவரை உடைக்கவில்லை. வீட்டில் ஓடுகிற கரண்டு ஒயரிலேயே செய்தி போய்விடும் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். வேலை பார்க்கும் ஊருக்குப் போய்விட்டு மறுபடி லீவில் வந்து இறங்கினானோ இல்லையோ, விளக்குக்குக் கிறுக்குப் பிடித்தது. அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடுவாள். நான் எங்கே கூப்பிட்டேன் என்பதுபோல் அப்பா விழிப்பார்.

"பேய் புடிச்சிருக்கு மச்சான் உங்க வீட்டுக்கு," என்று அக்கா வீட்டுக்காரர் போனில் சிரித்தார்.

"பேயும் இல்ல, பூதமும் இல்ல மாமா. ஏதோ ஒரு சாமான் லைன்ல குப்பையைக் கலக்குது. அதையும் கூப்பிடுறதுன்னு நெனச்சு விளக்கு ஆடுது."

அம்மாவிடமும் காலையில் சொல்லிவிட்டான். "இனிமே மினுக்கினா ஓடாதீங்கம்மா. முட்டி வலியோட எதுக்கு? நான் கண்டுபிடிச்சுடறேன்."

அவன் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. மத்தியானம் நிம்மதியாக மருந்துக்கடைக்குக் கிளம்பிப் போனாள்.

அவன் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். டிவி, வாஷிங் மெஷின், ஃபேன். கடைசியில் தன் லேப்டாப் சார்ஜர், இந்தத் தடவை வரும் வழியில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியது. அதை எடுத்ததும் விளக்கு கப்சிப். 'சேச்சே, இதுவா இருக்காது' என்று அவனுக்குத் தோன்றியது. தான் கொண்டுவந்த சாமானே குற்றவாளி என்றால் யாருக்குத்தான் ஒப்பும்? கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றான்.

வெகுநேரம் கழித்து விளக்கு மினுக்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. சற்றுப் பொறுத்து மறுபடியும் மூன்று.

"அதானே பார்த்தேன்!" என்றான் வாய்விட்டே. இதுவரை தாறுமாறாக ஆடியது இப்போது அளவெடுத்தமாதிரி ஆடுகிறது. நின்று நின்று ஓடுகிற மோட்டார் வேலை இது. வேறென்ன, ஃபிரிட்ஜ்தான். சமையலறைக்கு ஓடி, அதை முக்கி முனகி நகர்த்தி, பின்னால் உடம்பை நுழைத்தான். அங்கிருந்து பார்க்கும்போதும் கூடத்தில் மூன்று முறை வெளிச்சம் வந்து போனது. பிளக்கைப் பிடுங்கினான்.

அதோடு விளக்கு நின்றுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். அசையவே இல்லை.

"அப்பா, கண்டுபிடிச்சிட்டேன்பா! ஃபிரிட்ஜ்தான் காரணம்!" என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் போனான்.

அப்பாவின் முகம் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கட்டைவிரல் பொத்தானின்மேல் இருந்தது.

"அப்பா... அப்பா..." தோளைப் பிடித்து உலுக்கினான். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, அந்தக் கட்டைவிரலை எடுத்துக் கையைப் போர்வைக்குள் வைத்து மூடினான். மூடிய பிறகுதான், தான் செய்த காரியம் உறைத்தது. அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது, உடம்பெல்லாம் கூசியது. திருடன்கூட இப்படிக் கூசியிருக்கமாட்டான்.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள், "கடைசி நேரத்துல என் புள்ள கூடவே இருந்தான். அந்த விளக்கைக்கூட சரி பண்ணிட்டான். பாருங்க, அப்புறம் ஒரு தடவைகூட ஆடல."

"என்னதான் கோளாறாம் மச்சான்?" என்று அக்கா வீட்டுக்காரர் பரிவாகத்தான் கேட்டார்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"ஃபிரிட்ஜ்," என்றான்.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் அம்மா அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தி, "போறப்ப கூப்பிட்டாராடா?" என்றாள்.

"இல்லம்மா. தூக்கத்துலயே..."

"நல்லவேளை," என்று பெருமூச்சு விட்டாள். "கூப்பிட்டு யாரும் வரலன்னா அந்த மனுஷன் என்னடா நெனச்சிருப்பாரு?"

அவளுடைய பார்வை அவன் தலையில் விழுந்தது.

"இதென்னடா, தலையெல்லாம் ஒட்டடை? காலையிலேருந்து எங்கெல்லாம் பூந்து பார்த்தியோ. குனி."

அவன் குனிந்தான். அவள் ஒவ்வொரு இழையாக எடுத்து முடிக்கும்வரை நிமிரவில்லை.