கமலவேணிக்கு ஒரு கருடன்

கருடனைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டேன் என்று என் பெண்டாட்டி கமலவேணி ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து அடம்பிடித்தாள். மணி எட்டு. பத்துக்குள் போய்ப் படுக்காவிட்டால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும்.

"போனா போவுது, அடுத்த தேதில பாத்துக்கலாம்ங்க" என்றாள்.

அடுத்த தேதிக்கு இரண்டு மாதம் ஆகும். அவள் இதயம் அதுவரை தாங்காது என்று டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். நான் அவளிடம் சொல்லவில்லை. பயத்திலேயே போய்விடுவாள். தூக்கிக்கொண்டு போகலாமென்றால், ஆபரேஷனுக்குக் கையெழுத்து அவள்தான் போட வேண்டும்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. போன வருஷம் அவள் அக்கா செல்வாம்பாளை ஆஸ்பத்திரிக்கு அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினோம். சகுனம் பார்க்க எங்கே நேரம்? திரும்பி வந்தது பிணம்தான். எனக்குச் சாமியும் கிடையாது, சகுனமும் கிடையாது. மில்லில் சங்கக் கொடி பிடித்தவன், மில்லை மூடியபிறகு ஆட்டோ ஓட்டுகிறவன்.

ஆனால் கருடன் எங்கே, எப்போது பறக்கும் என்று என்னைக் கேளுங்கள். சவாரி இல்லாத நேரத்தில் வானத்தைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? காலையில் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் லாஞ்சுகள் மீன் இறக்கும்போது தலைக்கு மேலேயே சுற்றும். வெயில் ஏறியபிறகு சுண்ணாம்பாற்றுப் பாலம். தரை சுட்டு அனல் எழும்பினால் இறக்கையை அடிக்காமலே உயரப் போகும்.

முதலியார்பேட்டையிலிருந்து துறைமுகத்துக்கு விரட்டினேன். லாஞ்சுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மே மாதம், மீன்பிடித் தடைக்காலம்! மீனில்லாத இடத்தில் கருடனுக்கு என்ன வேலை? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அரைமணி நேரம் நின்றும் காக்காய்தான் பறந்தது.

"ஊட்டுக்கே போயிடலாம்ங்க." அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"வாய மூடிக்கினு உக்காருடி" என்று கத்திவிட்டுப் பாலத்துக்கு விட்டேன்.

அங்கே வானம் மூடிக் கிடந்தது. வெயில் இல்லாமல் பருந்து எழும்பாது. ஒன்பது. ஒன்பது இருபது. அந்த மேகத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். ஒன்பதரைக்கு வெயில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் ஆற்றங்கரைத் தென்னைகளுக்கு மேலே ஒரு பறவை வட்டமிட்டு ஏறியது.

கழுத்தில் வெள்ளை இல்லை. வால் நடுவே பிளந்திருந்தது. வெறும் கரும்பருந்து. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அதோ கருடன்! பாருடி கமலா!" என்று கூவி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினேன். நடிப்புக்குத்தான் கூப்பினேன். ஆனால் கை இறங்கவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் தொலைக்க, இவளை விட்டுடு, இவளை விட்டுடு என்று அந்தப் பருந்தைப் பார்த்தே கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கமலவேணி மூச்சு வாங்க இறங்கி வந்து என் கைகளைப் பிடித்தாள்.

"கருடனப் பாத்தா கன்னத்துல போட்டுக்கணும். கைகூப்பக் கூடாது."

"இல்ல கமலா..."

"அது கருடன் இல்லன்னு எனக்கும் தெரியும்." என் முகத்தையே பார்த்தாள். "முப்பது வருஷத்துல நீங்க எதையும் கும்பிட்டு நான் பாத்ததில்ல. டாக்டர் உங்ககிட்ட இன்னா சொன்னாரு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவளாகவே போய் ஆட்டோவில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேகமா ஓட்டுங்க" என்றாள். "எனக்கு சாவ இஷ்டமில்ல."