பெற்றுக்கொண்டேன்

மூன்றாம் எண் மெஷினுக்குள் துணி கிடக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் பஸ் டிரைவர்தான். உட்கார இடமில்லாமல் அதன்மேல் சாய்ந்து நின்றவர், மூக்கைச் சுளித்துக்கொண்டு குனிந்து கண்ணாடிக் கதவுக்குள் பார்த்தார்.

"தம்பி, இதுல என்னமோ ஊறிக்கிடக்கு."

சின்னவன் கதவைத் திறந்தான். அடைபட்டுக் கிடந்த ஈரத்தின் வாடை முகத்தில் அடித்தது. உள்ளே ஆறு வெள்ளைப் படுக்கை விரிப்புகள், ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு. நேற்றுக் காலை ஏழு மணிக்கு அக்கா அவற்றைப் போட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு, சோப்புத் தூள் டப்பாவை அலமாரியில் வைக்கக் கையைத் தூக்கியிருக்கிறாள். தூக்கியவள் அப்படியே சரிந்துவிட்டாள். மெஷின் தன் பாட்டுக்குத் துவைத்து, அலசி, பிழிந்து, மணியடித்து ஓய்ந்திருக்கிறது. அந்த மணி யார் காதிலும் விழவில்லை.

"இப்பப் போய்த் துணி துவைக்கிறதா?" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் முணுமுணுத்தது.

பின்கதவு வழியாக வந்த அத்தான் அதைக் கேட்டுவிட்டார். "அவ போட்டுட்டுப் போன வேலை. நாற விட முடியுமா? இன்னொரு தடவை ஓட விடு, தம்பி."

கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளறையில் அக்கா படுத்திருந்தாள். நாலு மணிக்கு எடுப்பதாக முடிவாகியிருந்தது. இப்போது மணி ஒன்றரை.

சின்னவன் என்பது அக்கா கூப்பிட்ட பெயர். முப்பத்தொன்பது வயதாகி, முன்மண்டை வழுக்கையாகியும் அது கழன்று விழவில்லை. ஆறு மணி நேரம் ரயிலில் வந்து காலையில்தான் இறங்கியிருந்தான். வந்ததிலிருந்து அவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

சலவைக் கடையின் பெஞ்சுகளில் இருபது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் ஒருவரையொருவர் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"நீங்கதான் அரைத்தூக்கமா?" என்று ஒரு நர்ஸ் பஸ் டிரைவரிடம் கேட்டாள்.

"ஆமாம்மா. நீங்க?"

"நான் ஊசி."

"ஊசியா? நான் பெரிய மீசை வெச்ச ஆம்பளைன்னுல்ல நெனச்சிருந்தேன். அந்தத் திட்டுத் திட்டுவீங்களே."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டு பின்கதவைப் பார்த்தாள். சின்னவன் தலையைக் குனிந்துகொண்டு பொத்தானை அழுத்தினான்.

இவர்களெல்லாம் 'கொடி'யின் ஆட்கள். துணி சுற்றி முடியும்வரை சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று அக்கா தொடங்கிய சிறு வலைத்தளம் அது. பெயர், துணி காயப்போடும் கொடியிலிருந்து வந்தது. அதில் எல்லோருக்கும் புனைபெயர்தான். அலமாரியில், சோப்புத் தூள் டப்பாக்களுக்கு நடுவே, செங்கல் அளவில் ஒரு கணினி, ஒரு சின்னத் திரையோடு. 'தொடாதே, உள்ளே ஆள் இருக்கு' என்று அதன்மேல் ஒரு காகிதம். உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

அதை ஓட்டும் மென்பொருளைச் சின்னவனும் இன்னும் பத்துப் பேரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். இதற்கென்று ஒரு பெரிய கம்பெனியோ முதலாளியோ கிடையாது. ஒரு ஊரில் பல வீடுகள் இருப்பதுபோல, பல சர்வர்கள். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் தன் வீட்டிலோ கடையிலோ வைத்து நடத்துவார். ஒரு வீட்டில் எழுதியது மற்ற வீடுகளுக்குக் கடிதம்போல் போய்ச்சேரும். பிடிக்காத வீட்டுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளவும் வசதி உண்டு. சின்னவனும் ஒரு வீடு வைத்திருந்தான். அதில் நாலாயிரம் பேர்.

ஏழு மாதத்துக்கு முன் கொடிக்குள் திருட்டுக் கணக்குகள் நுழைந்து, அங்கிருந்து சின்னவனின் ஆட்கள் மேல் லாட்டரி விளம்பரங்களைக் கொட்டின. அவன் அக்காவுக்கு ஃபோன் செய்தான். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பதை நிறுத்து, விசாரித்துச் சேர் என்றான்.

"மழையில நனைஞ்சு வர்றவன்கிட்ட விலாசம் கேட்டுட்டா கடைக்குள்ள விடறேன்?" என்றாள் அக்கா.

"இது கடை இல்லக்கா. உனக்குப் புரியாது."

"புரியற மாதிரி சொல்லத் தெரியலைன்னா அது யார் குத்தம்?"

அவன் பேச்சின் நடுவிலேயே ஃபோனை வைத்துவிட்டான். கொடியை பிளாக் செய்தான். காரணம் என்ற கட்டத்தில் 'விளம்பரத் தொல்லை, இரண்டு நாள்' என்று எழுதினான். இரண்டு நாளில் திறந்துவிடுவதாகத்தான் எண்ணம். இருவரும் கடைசியாகப் பேசியது அதுதான்.

"தம்பி" என்றார் அத்தான். ஒரு பழைய விசைப்பலகையைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். முப்பது வருடம் தபால்காரராக வீடு வீடாக நடந்தவர். எதை வைத்தாலும் நேராக, விளிம்பு பார்த்து வைப்பார். "அவ ஆளுங்களுக்குச் சொல்லணும். இந்தத் தெருவுல இருக்கறவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. நாலு மணிக்குள்ள சொன்னா வர்றவங்க வரட்டும். எனக்கு அதெல்லாம் தெரியாது."

"பாஸ்வேர்டு?"

"சோப்புத் தூள் டப்பாவுக்கு அடியில."

டப்பாவைத் தூக்கிப் பார்த்தான். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் அக்காவின் சாய்ந்த கையெழுத்து: சின்னவன்கிட்டசொல்லாதே. பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வைக்காதே என்று அவன் வருடக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சொற்களை இடைவெளி விடாமல், ஒரு விரலால், எழுத்தெழுத்தாக அடித்தான். சின்னத் திரை வெளிச்சமானது.

அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூன்றாம் எண் மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஏன் வரலைன்னு நான் கேக்கப்போறதில்ல" என்றார்.

சின்னவனின் விரல் நின்றது.

"உனக்கு வேலை இருந்திருக்கும். டாக்டர் ஆபரேஷன்னு சொன்ன அன்னிக்கே உனக்குத்தான் எழுதினா. சின்னவன் என்ன சொல்றான்னு பார்த்துட்டு முடிவு பண்ணிக்கலாம்னா. ஒரு வாரம் பார்த்துட்டு நான் ஃபோன் பண்ணவான்னு கேட்டேன். வேணாம்னா. ஃபோன்ல பேசினா கத்துவோம், எழுத்துல கத்த முடியாதுன்னா." அத்தான் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "அவன் படிச்சுட்டான், சேர்ந்துடுச்சுன்னு மெஷின் சொல்லுது, யோசிக்கறான், அவன் சின்ன வயசுலேருந்தே மெதுவாத்தான் யோசிப்பான், அப்படின்னா."

அக்கா அனுப்பிய செய்திகளின் பட்டியலைச் சின்னவன் திறந்தான். அவன் பெயருக்கு மட்டும் நூற்று நாற்பத்து மூன்று போயிருந்தன.

'மூணாம் நம்பர் மறுபடி ஆடுது. காலுக்கடியில அட்டை மடிச்சு வெச்சிருக்கேன். நீங்க எழுதற நிரல்லயும் இப்படித்தான் அட்டை வெப்பீங்களா?'

'நெஞ்சுல ஒரு வால்வு ஒழுகுதாம். குழாய்க்கு வாஷர் மாத்தற மாதிரிதான்னு டாக்டர் சொல்றார். அவர் வீட்டுக் குழாயைப் பார்த்தா தேவலை. பண்ணிக்கவா, சொல்லு.'

'கோபம்னா கோபம்னு சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.'

'விளம்பரக்காரங்களை ராத்திரியெல்லாம் உக்காந்து ஒவ்வொருத்தனா வெளிய தள்ளிட்டேன். நீ சொன்னது சரிதான். இப்ப நானே விசாரிச்சுத்தான் சேர்க்கறேன். சந்தோஷமா?'

ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவனுடைய சர்வர் சொன்ன பதில் இருந்தது: பெற்றுக்கொண்டேன்.

அந்தப் பதிலை எழுதியவன் அவன். பிளாக் செய்யப்பட்டவனுக்கு அது தெரிந்தால் வேறு பெயரில் திரும்பி வருவான். அதனால் வருவதையெல்லாம் பெற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டு ஓசையில்லாமல் எறிந்துவிட வேண்டும் என்று வாதாடினான். நான்கு வருடத்துக்கு முன், மென்பொருள் எழுதுபவர்கள் கூடி விவாதிக்கும் பொதுப்பக்கத்தில் நடந்தது. அக்காவுக்கு நிரல் எழுதத் தெரியாது. திரையில் வரும் சொற்களைத் தமிழில் எழுதித் தருவது அவள் பங்கு. அவன் 'கிடைத்தது' என்று போட்டிருந்ததை, மெஷினாக இருந்தாலும் மரியாதை வேண்டும் என்று 'பெற்றுக்கொண்டேன்' ஆக்கியவள் அவள்தான். அந்த விவாதத்தின் கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தாள். 'கதவைத் திறக்க இஷ்டமில்லைன்னா திறக்கலைன்னு சொல்லட்டும். வாங்கிக்கிட்டேன்னு ஏன் பொய் சொல்லணும்?' அதற்குச் சின்னவன் ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலாகப் போட்டுவிட்டு விவாதத்தை முடித்துவைத்தான்.

மறந்துவிட்டேன் என்று சொல்லவும் அவனால் முடியாது. மூன்றாவது மாதம் வேறு எதையோ தேடும்போது பிளாக் பட்டியலில் கொடியைப் பார்த்தான். நானூறு பெயர்களுக்கு நடுவே அது உட்கார்ந்திருந்தது. விரலை அதன்மேல் வைத்தான். அவளும்தான் ஒரு ஃபோன் செய்யவில்லை, முதலில் அவள் செய்யட்டும் என்று தோன்றியது. விரலை எடுத்துவிட்டான்.

பட்டியலின் அடியில் முந்தாநாள் சாயங்காலம் எழுதியது இருந்தது.

'நாளைக்கு விடுதிக்காரங்களோட விரிப்பு ஆறு இருக்கு. சீக்கிரம் தூங்கணும். நீ பதில் போட வேணாம். படிச்சா போதும்.'

பெற்றுக்கொண்டேன்.

"என்ன எழுதறதுன்னு யோசிக்கறியா?" என்றார் அத்தான். "சாதாரணமா எழுது. அவ இல்லைன்னு எழுது. நாலு மணின்னு போடு. கடை விலாசம் போடு. யாருக்கெல்லாம் போகணுமோ அதுல உன் பேரையும் சேர்த்துக்கோ. உன்னை விட்டுட்டு அவ யாருக்கும் எதையும் சொன்னதில்ல."

எழுதினான். நான்கு வரி. தன் பெயரையும் சேர்த்தான். அனுப்பினான்.

முதலில் பஸ் டிரைவரின் சட்டைப்பையில் ஃபோன் மணியடித்தது. அடுத்து நர்ஸின் கைப்பை. அப்புறம் பெஞ்சு நெடுக, ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொரு ஃபோனும் தன் குரலில். நடந்தது தெரிந்துதான் எல்லோரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் எல்லோரும் எடுத்துப் படித்தார்கள். நர்ஸ் அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல் முகத்தை மூடிக்கொண்டாள்.

திரையில் பதில்கள் வரிசையாக விழுந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது சின்னவனின் சர்வர்தான். பெற்றுக்கொண்டேன்.

அத்தான் அந்த வரியைப் படித்தார். பிறகு அவனுடைய சட்டைப்பையைப் பார்த்தார். அதற்குள் ஃபோன் இருப்பது துணி வழியாகத் தெரிந்தது.

"உன்னது அடிக்கலையே."

சின்னவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சத்தத்தை நிறுத்தி வெச்சிருக்கியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தான் அதை நம்பிவிடுவார். படித்துவிட்டு வராத தம்பி என்ற பெயரோடு ஊருக்குத் திரும்பிவிடலாம்; வேலை என்ற சாக்குக்குள் அதுவும் அடங்கிவிடும். அல்லது கோளாறு என்று சொல்லலாம். மெஷின் என்றால் கோளாறு வரும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

"எனக்கு வரல, அத்தான்" என்றான். "அக்கா எழுதினது ஒண்ணுகூட எனக்கு வரல."

"வரலையா? எல்லாத்துலயும் சேர்ந்துடுச்சுன்னு போட்டிருக்கே. ஏதாவது கோளாறா?"

"கோளாறு இல்ல. நான் மூடி வெச்சிருந்தேன். ஏழு மாசமா. மூடியிருந்தாலும் வாங்கிக்கிட்டேன்னுதான் சொல்லும். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

மூன்றாம் எண் மெஷின் கடைசிச் சுற்றுக்கு வேகமெடுத்து, அட்டைமேல் லேசாக ஆடியது. அது நிற்கும்வரை அத்தான் காத்திருந்தார்.

"ஆள் இல்லாத வீடுன்னா திருப்பி எடுத்துட்டு வருவோம்" என்றார். குரலில் கோபம் இல்லை. தன் வேலையைப் பற்றி யாருக்கோ விளக்குவதுபோல் இருந்தது. "வாங்க மாட்டேன்னு சொல்றவங்களும் உண்டு. அதையும் எழுதி அனுப்பினவங்களுக்கே திருப்பிடுவோம். கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுத் தூக்கிப் போடற வீட்டை நான் பார்த்ததில்ல."

எழுந்து உள்ளறைக்குப் போனார்.

சின்னவன் விரிப்புகளை எடுத்து டிரையரில் போட்டான். அது சுற்றத் தொடங்கியதும் ஃபோனை எடுத்தான். பிளாக் பட்டியலில் கொடியைத் தேடிப் பிடித்தான். 'விளம்பரத் தொல்லை, இரண்டு நாள்.' நீக்கினான். கையிலேயே பிடித்துக்கொண்டு காத்திருந்தான். எதுவும் வரவில்லை. வராது. மறுத்தவற்றைச் சேர்த்து வைப்பது இடத்துக்குக் கேடு, உடனே அழித்துவிட வேண்டும் என்று எழுதியவனும் அவன்தான்.

வாசலில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் உள்ளே வந்து, தயங்கி நின்று, பஸ் டிரைவரிடம் தன்னைச் சொல்லிக்கொண்டார். "நான் கிழிஞ்சகுடை." டிரைவர் நகர்ந்து இடம் கொடுத்தார். மூன்று மணிக்குக் கடைக்குள் நிற்க இடமில்லை.

டிரையர் மணியடித்தது. இந்தத் தடவை எல்லோர் காதிலும் விழுந்தது.

சின்னவன் முதல் விரிப்பை இழுத்தான். இரண்டு ஆள் நீளம். ஒருவனாக மடிக்கப் பார்த்தான். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை தரையைத் தொட்டது. பஸ் டிரைவர் எழுந்திருக்கப் போனார். அதற்குள் பின்கதவிலிருந்து அத்தான் வந்துவிட்டார். தரையில் தொங்கிய முனைகளை எடுத்தார். பின்னால் நடந்து போய் விரிப்பை இறுக்கிப் பிடித்தார். விளிம்பைச் சரிபார்த்து, நீளவாக்கில் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பிறகு சின்னவனை நோக்கி நடந்து வந்து, அவன் கையில் தன் முனைகளை வைத்தார். விரல்கள் பட்டன. துணி சூடாக இருந்தது. அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மூலைகள் சேர்ந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தார். ஒரு மூலை அரை விரல் அளவு விலகியிருந்தது. அதை இழுத்துச் சரிசெய்தார்.

இன்னும் ஐந்து விரிப்புகள் இருந்தன.