காதுப் பரிசோதனையில் இல்லாத கேள்வி

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் பட்டனக்கா. காது பரிசோதிப்பது அவள் வேலை. சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பாள். வெளியே இருந்து சன்னமான ஒலிகளை அனுப்புவாள். கேட்டால் அழுத்த வேண்டும். அவள் மேசையில் விளக்கு எரியும். வேலை அவ்வளவுதான்.

அவ்வளவோடு நிறுத்துகிற ஜென்மமா அவள்! பதின்வயதுப் பிள்ளைகள் வந்தால், கடைசியில் மைக்கில் ஒரு கேள்வியும் கேட்பாள்: "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதா? ஆமான்னா அழுத்து." விஷயம் தெரிந்ததும் துறைத் தலைவர் குதியாய்க் குதித்தார்.

"கேட்டுக் கேட்டு நீங்களே அந்த நெனப்பை ஏத்தி விட்டுருவீங்க போல. உங்க வேலை காதோட நிக்கட்டும்."

"கேக்கிறதால யாருக்கும் அந்த நெனப்பு வந்துடாது சார். கேக்காம விட்டாதான் பயம். நான் கேப்பேன். வேணும்னா வேலைய விட்டுத் தூக்குங்க."

அவர் தூக்கவில்லை. அவளும் நிறுத்தவில்லை.

அன்று ஓர் அப்பா, பத்தாவது படிக்கும் மகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். "கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறா. சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. காதுலதான் ஏதோ கோளாறு." சாப்பாட்டுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் கேட்பது வீண்.

மகளுக்கோ பாம்புச் செவி. இருப்பதிலேயே மெல்லிய ஒலிக்கும் விளக்கு எரிந்தது. பட்டனக்கா தன் கேள்வியைக் கேட்டாள். அதற்கும் எரிந்தது.

 எத்தனை வருஷமானாலும் இந்தக் கேள்விக்கு விளக்கு எரிவது மட்டும் அவளுக்குப் பழகவில்லை.

"நீ சொன்னதே பெரிய விஷயம்மா. மேல இதுக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காங்க. இன்னிக்கே பாக்கலாமா?"

எரிந்தது.

"அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?"

எரியவில்லை.

"அப்ப நீயே சொல்றியா? நான் பக்கத்துலயே இருக்கேன்."

வெகுநேரம் எரியவில்லை. பிறகு எரிந்தது.

பெண் வெளியே வந்ததும் அப்பா, "என்ன, காது போச்சா?" என்றார்.

"அவ காது தங்கம். இப்ப உங்க முறை. உள்ள போய் உக்காருங்க."

"எனக்கெதுக்கு? குண்டூசி விழுந்தாக்கூட எனக்குக் கேக்கும்."

"அதையும் பாத்துடுவோமே."

வீம்புக்கென்றே போய் உட்கார்ந்தார். பட்டனக்கா ஹெட்போனை மாட்டி, பட்டனைக் கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு, மைக்கைப் பெண்ணின் பக்கம் திருப்பினாள்.

"அப்பா... எனக்குச் செத்துடலாம்னு தோணுதுப்பா. ரொம்ப நாளா. ஏன்னு கேக்காத, எனக்கே தெரியல."

கண்ணாடிக்குள் அவர் துள்ளி எழுந்தார். வாய் அசைந்தது. திட்டினாரோ கதறினாரோ, ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. பட்டனக்கா கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். மகள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேச முடியாமல் மனுஷன் கேட்டது இதுதான் முதல் தடவை. நன்றாக வேண்டும்!

"மேல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறியாப்பா? சரின்னா அழுத்து."

விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. அவர் விரலை எடுக்கவே இல்லை.

வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. மகளின் தலையில் கையை வைத்தார். ஆனாலும் பழைய புத்தி அவ்வளவு லேசில் போகுமா? குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த டாக்டர்கிட்ட போனோம்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா..." என்று இழுத்தார்.

"தெரிஞ்சா தெரியட்டும்ப்பா," என்றாள் மகள், அவர் முகத்தை நேராகப் பார்த்து. "நான் செத்தா மட்டும் தெரியாதா?"

 அப்பா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். பட்டனக்கா அறையைப் பூட்டிவிட்டுக் கூடவே நடந்தாள்.

வெளியே பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. துறைத் தலைவர் குறுக்கே வந்து நின்றார். "இத்தனை பேரைக் காக்க வச்சிட்டு எங்க கிளம்பிட்டீங்க?"

பட்டனக்கா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார்.

"வழி விடுங்க சார். என் பொண்ணுக்கு மனசு சரியில்ல. டாக்டரைப் பாக்கணும்."